ஊரில் மறைந்தவர்களுக்கு ஒரு நினைவேடு: பெயர்ப் பட்டியலில் இருந்து அச்சு வரை

ஊரில் ஒருவர் இறந்தால் பொழுது சாய்வதற்குள் பிளெக்ஸ் வந்துவிடுகிறது. மேலே கண்ணீர் அஞ்சலி, நடுவில் ஏதோ அட்டைக்காக எடுத்த படத்தைப் பெரிதாக்கி வைத்தது, கீழே மகன், மருமகன், பேரன், பங்காளி, மாமன் மச்சான் என்று வரிசையாகப் பெயர்கள். உறவுக்காரர் அத்தனை பேரும் அதில் இருப்பார்கள், இறந்தவர் என்ன வேலை செய்தார், எதற்குக் கோபப்படுவார், யாருக்கு என்ன செய்தார் என்று ஒரு வரி இருக்காது. கிராம நிர்வாக அலுவலரிடம் 21 நாளுக்குள் பதிவு செய்கிறோம், அங்கேயும் பெயர், வயது, தேதி, இடம், அவ்வளவுதான். கருமாதி முடிந்து பந்தல் பிரித்ததும் அந்த மனுசரைப் பற்றிய பேச்சு அந்த வீட்டுத் திண்ணையோடு நின்றுவிடுகிறது, திண்ணையில் இருக்கிறவர்களும் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

நம் ஆட்கள் இதை எழுதாமல் இருந்தவர்கள் கிடையாது. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006-இல் கிடைத்த நடுகற்களில் ஒன்று, கூடலூர் ஆகோளில், அதாவது மாடு பிடிச் சண்டையில், இறந்த தீயன் அந்தவன் என்பவருடையது என்று தமிழ் பிராமி எழுத்தில் சொல்கிறது. பெயர், ஊர், எதற்காக இறந்தார் என்பது எல்லாம் சில சொற்களில் அடங்கிவிட்டது. திருவண்ணாமலைப் பக்கம் எடத்தனூரில் மகேந்திரவர்மப் பல்லவன் காலத்து நடுகல்லில் கோவிவன் என்ற நாயின் பெயர் இருக்கிறது, கள்ளர் இருவரைக் கடித்துக் காவல் நின்றது என்று அது செய்த வேலையையும் பொறித்திருக்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் 31-ஆம் நாள் அந்தியேட்டிச் சடங்குக்கு ‘கல்வெட்டு’ என்ற பெயரிலேயே நினைவு மலர் அச்சிட்டுக் கொடுக்கும் வழக்கம் இருக்கிறது, அப்படிப்பட்ட மலர்கள் நிறைய நூலகம் இணையத் தளத்தில் மின்வடிவில் கிடைக்கின்றன, நேரம் இருந்தால் நாலைந்தைப் புரட்டிப் பாருங்கள்.

இங்கே நான் சொல்லப் போவது ஒரு குடும்பம் போடும் மலரைப் பற்றி இல்லை. ஓர் ஊரில் சில ஆண்டுகளுக்குள் இறந்த எல்லாருக்கும் ஆளுக்கு ஒரு பக்கம் என்று ஒரே ஏடாகப் போடுவதைப் பற்றி. தெற்கத்திக் கண்மாய்ப் பாசன ஊர்களை மனசில் வைத்து எழுதுகிறேன், உங்கள் பக்கத்துக்குத் தகுந்த மாதிரி மாற்றிக்கொள்ளுங்கள்.

முதலில் எல்லையைக் கட்டுங்கள்

எத்தனை ஆண்டு, எந்தெந்தத் தெரு என்பதை வேலை தொடங்கும் முன்பே முடிவு செய்துவிட வேண்டும். தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆயிரம் பேருக்கு ஆறேழு பேர் இறக்கிறார்கள். 1500 பேர் உள்ள ஊர் என்றால் ஆண்டுக்குப் பத்துப் பேர், ஐந்து ஆண்டுக்கு ஐம்பது பேர். இரண்டு மூன்று பேர் சேர்ந்தால் ஓர் ஆண்டுக்குள் முடிக்கக்கூடிய அளவு இது. இருபது ஆண்டு பின்னால் போகிறேன் என்று ஆரம்பித்தால் பட்டியல் எடுப்பதிலேயே சலித்துப் போவீர்கள். ஆனால் 2020, 2021 இரண்டையும் எப்படியாவது உள்ளே கொண்டுவந்துவிடுங்கள். கொரோனா காலத்தில் இறந்தவர்கள் பலருக்கு ஊர் கூடவில்லை, கேதம் கேட்க ஆள் போகவில்லை, சிலரை வீட்டு வாசலுக்கே கொண்டுவரவில்லை. அந்த வீட்டாருக்கு அந்தக் குறை இன்னும் அப்படியே இருக்கிறது.

தெரு விஷயத்தில் விட்டுக்கொடுக்கவே கூடாது. ஊர் என்றால் ஊரும் காலனியும் சேர்ந்துதான். நம் கிராமங்களில் சுடுகாடே தனித்தனியாக இருக்கிறது, ஏட்டிலும் அதே மாதிரி பிரித்து வைத்தால் அந்த ஏடு வேண்டாம். யாராவது பண உதவி செய்கிறேன், ஆனால் எங்கள் தெருவை மட்டும் முன்னால் போடு என்று சொன்னால் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். இறந்த தேதி வரிசையில் போடுவதுதான் நல்லது, அதில் யாரும் சண்டை பிடிக்க முடியாது.

ஊரில் பிறந்து திருப்பூரிலோ வளைகுடாவிலோ வேலைக்குப் போன இடத்தில் இறந்தவர்களைச் சேருங்கள். வேற்றூரில் இருந்து வாக்கப்பட்டு வந்து நாற்பது ஐம்பது ஆண்டு இங்கே வாழ்ந்து செத்த பெண்களைக் கட்டாயம் சேருங்கள். சித்தாளாக வந்து இங்கேயே தங்கிவிட்டவர், கோயில் மண்டபத்தில் படுத்துக் கிடந்தவர், இவர்களுக்கும் பக்கம் உண்டு.

பெயர்ப் பட்டியல்

ஞாபகத்தில் இருந்து எழுதினால் உங்கள் தெருவும் உங்கள் சொந்தமும்தான் வரும். எழுத்தில் இருக்கிறதைத் தேட வேண்டும். கோயில் வரி நோட்டில் தலைக்கட்டு வாரியாக, அதாவது குடும்பம் குடும்பமாக, பெயர் இருக்கும். ஆனால் பல ஊர்களில் கணவன் இல்லாத பெண்களை அரை வரி கட்டுகிறவராக எழுதுவார்கள், சில ஊர்களில் எழுதவே மாட்டார்கள், அதனால் அந்த நோட்டை மட்டும் நம்பினால் தனியாக வாழ்ந்த பாட்டிகள் எல்லாம் காணாமல் போவார்கள். கிறிஸ்தவர் என்றால் ஆலயத்தில் அடக்கப் பதிவேடு இருக்கும், முஸ்லிம் என்றால் ஜமாஅத்தில் கேட்கலாம். துஷ்டி வீட்டில், அதாவது சாவு வீட்டில், மொய் எழுதிய நோட்டுகளில் தேதி கிடைக்கும். பக்கத்து டவுனில் பிளெக்ஸ் அடிக்கும் கடையில் கேட்டுப் பாருங்கள், பழைய டிசைன்களைக் கம்ப்யூட்டரில் ஊர்ப் பெயர் போட்டு வைத்திருப்பார்கள், படமும் தேதியும் சேர்த்தே கிடைத்துவிடும்.

இதற்கெல்லாம் மேலாக, குழி வெட்டுகிறவரையும் தப்பு அடிக்கிறவரையும் கேளுங்கள். ஊரில் எந்தச் சாவும் அவர்களைத் தாண்டிப் போனதில்லை. யாருக்கு யார் கொள்ளி வைத்தது, யார் சாவுக்கு மழை கொட்டியது, எந்த வீட்டில் கூலி கொடுக்காமல் இழுத்தடித்தார்கள், எல்லாம் அவர்களுக்குத் தெரியும். அவர்களைத் தகவல் கொடுத்தவர் என்று ஏட்டில் பெயர் போட்டு எழுத வேண்டும், செலவழித்த நேரத்துக்குக் கூலியும் கொடுக்க வேண்டும்.

பட்டியல் ஓரளவு முடிந்ததும் அதை டீக்கடையில் ஒட்டுங்கள், ரேஷன் கடை வரிசையில் வாசித்துக் காட்டுங்கள். “அவரை விட்டுட்டீங்களேப்பா” என்று ஒரு குரல் கட்டாயம் வரும்.

எப்போது கேட்பது, எப்படி அனுமதி வாங்குவது

சாவு வீட்டில் நோட்டை எடுக்காதீர்கள். எட்டு, பதினாறு முடியும் வரை கேதத்துக்குப் போவது, உட்காருவது, கேட்பது மட்டும்தான். அந்த நாட்களில்தான் மிகச் சிறந்த கதைகள் தானாக வரும், ஏனென்றால் வருகிறவர்கள் ஒவ்வொருவரும் கடைசியாக எங்கே பார்த்தேன், என்ன பேசினோம் என்றுதான் ஆரம்பிப்பார்கள். காதில் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்ததும் சொன்னவர் பெயரோடு எழுதி வையுங்கள். ஒரு மாதம் கழித்துப் போய் விஷயத்தைச் சொல்லலாம். வருஷம் திரும்பும் வரை பேசுவதற்கு மனசு வராத வீடுகளும் உண்டு, அவர்களை அவசரப்படுத்த வேண்டாம்.

அனுமதி வாங்கும்போது குடும்பத்தில் ஒருவரிடம் மட்டும் கேட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். மூத்த மகன் சரி என்று சொல்லியிருப்பார், மகள் வேற்றூரில் இருப்பாள், அவளுக்குத் தெரியாமல் அச்சில் வந்தால் அது அவளுக்குப் பெரிய மனக்கஷ்டம். மகள்களுக்குப் போன் போடுங்கள். உண்மையில் அப்பாவைப் பற்றி மகனை விட மகள்தான் விவரமாகச் சொல்வாள், அம்மாவைப் பற்றி மருமகள் சொல்வதில் மகன் கவனிக்காத நூறு விஷயம் இருக்கும். “எழுத வேண்டாம்” என்று ஒரு வீட்டில் சொன்னால் பெயரும் தேதியும் மட்டும் போடட்டுமா என்று கேளுங்கள், அதுவும் வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள்.

கேள்விகள்

இந்த வேலையின் உயிர் இங்கேதான் இருக்கிறது, அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

“அவர் எப்படிப்பட்டவர்?” என்று கேட்டால் “தங்கமான மனுசன், யாரையும் ஒரு சொல் சொல்ல மாட்டார்” என்று வரும். எல்லாரைப் பற்றியும் இதுவேதான் வரும், ஐம்பது பக்கமும் ஒரே பக்கமாகிவிடும். குணத்தைக் கேட்காமல் நாளைக் கேளுங்கள். காலையில் எழுந்ததும் முதலில் என்ன செய்வார், கொல்லைக்கு எந்தப் பாதையில் போவார், மத்தியானம் சாப்பாடு யார் கொண்டுபோவது, சாயங்காலம் எந்தத் திண்ணையில் யாரோடு உட்காருவார். வாசலில் என்ன சத்தம் கேட்டால் அவர் வந்துவிட்டார் என்று தெரியும் என்று கேட்டுப் பாருங்கள், செருமல், சைக்கிள் செயின், கம்பு ஊன்றும் ஓசை, மாட்டைத் திட்டும் கெட்ட வார்த்தை என்று பதில் உடனே வரும், சொல்கிறவர் முகமும் மாறிவிடும்.

கையில் என்ன தொழில் இருந்தது என்பதை நுணுக்கமாகக் கேளுங்கள். விவசாயம் என்று எழுதினால் போதாது. கமலை இறைத்தவரா, கிடை போட்டவரா, விதை நெல்லைக் குதிரில் எப்படிக் காத்தார், வேப்பிலை போட்டாரா நொச்சி போட்டாரா, கதிர் அறுக்கப் போனால் எத்தனை ஆள் வேலையை ஓர் ஆளாகச் செய்வார். வீட்டில் பிரசவம் பார்த்த மருத்துவச்சி என்றால் யார் யாரை அவர் கையில் வாங்கினார் என்று தெருத் தெருவாகக் கேட்டுப் பட்டியல் போடலாம், அந்தப் பட்டியலே அவருக்கான பக்கம். நூறு நாள் வேலையில் மேஸ்திரியாக இருந்தவர், ரேஷன் கடையில் எடை போட்டவர், சத்துணவுக் கூடத்தில் ஆக்கிப் போட்டவர், இவர்கள் வேலையெல்லாம் எழுதத் தகுந்த வேலை.

பெண்களைப் பற்றிக் கேட்கும்போது ஒரு சிக்கல் வரும். “அதுவா, பாவம், வீடே கதின்னு கிடந்துச்சு” என்று முடித்துவிடுவார்கள். அங்கே விடாதீர்கள். பிறந்த ஊர் எது, அங்கே அவர் பெயர் என்ன (புகுந்த வீட்டில் பெயரை மாற்றிக் கூப்பிட்டிருப்பார்கள்), கல்யாணத்தன்று எதில் வந்தார், பிறந்த வீட்டுக்குக் கடைசியாக எப்போது போனார், சீட்டுப் பிடித்தாரா, ஆடு வளர்த்துச் சேர்த்த காசில் எதை வாங்கினார், எந்தக் குழம்பு அவர் வைத்தால்தான் சரியாக வரும், எந்தப் பாட்டை நாற்று நடும்போது எடுத்துக் கொடுப்பார். ‘இன்னாருடைய மனைவி’ என்று பக்கத்தைத் தொடங்கவே தொடங்காதீர்கள், அவர் பெயரில் தொடங்குங்கள்.

கடைசியாக எல்லா வீட்டிலும் தவறாமல் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: அவர் போனதும் ஊரில் எது நின்றுபோனது? பதிலுக்குக் கொஞ்ச நேரம் ஆகும், சும்மா இருந்து காத்திருங்கள். மார்கழியில் பஜனைக்கு ஆர்மோனியம் வாசிக்க ஆள் இல்லை, பாம்புக்கடிக்கு ஆஸ்பத்திரிக்கு ஏற்றிவிட ராத்திரியில் கதவைத் தட்டினால் வண்டி எடுக்கிறவர் இல்லை, தெருப் பிள்ளைகளுக்குக் காது குத்தும்போது மடியில் வைத்துக்கொள்ளும் கிழவி இல்லை. இந்தப் பதில் கிடைத்துவிட்டால் அவருக்கு எப்படி எழுதுவது என்ற கவலை தீர்ந்தது.

ஒப்பாரி

இறந்தவர் வாழ்க்கையை நம் பெண்கள் காலங்காலமாகச் சொல்லிவருவது ஒப்பாரியில்தான். பிறந்த வீட்டுப் பெருமை, கட்டிக்கொண்டவன் செய்தது, கடன் பட்டது, பிள்ளை கைவிட்டது எல்லாம் பெயர் சொல்லி வரும். அதைப் பதிவு செய்ய ஆசையாக இருக்கும், ஆனால் சாவு இல்லாத வீட்டில் ஒப்பாரி பாடக் கூடாது என்பது பலருடைய நம்பிக்கை. அதை மதியுங்கள். வீட்டில் உட்கார்ந்து பாடச் சொல்லாமல் தோட்டத்திலோ ஊருக்கு வெளியே மரத்தடியிலோ கேளுங்கள், பாடாமல் வார்த்தையாக மட்டும் சொல்லுங்கள் ஆத்தா என்றாலும் சொல்லித் தருவார்கள். சாவு அன்று பாடியதை யாராவது செல்போனில் எடுத்திருப்பார்கள், அதைப் போடுவதென்றால் பாடியவர் சம்மதமும் வீட்டார் சம்மதமும் வேண்டும்.

வயதும் ஆண்டும்

ஆதாரில் இருக்கும் வயதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். பழைய ஆட்களுக்குப் பிறந்த தேதி உத்தேசமாகப் போட்டதுதான், சிலருக்குப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வாத்தியார் போட்ட தேதி. நடந்த சம்பவத்தை வைத்துக் கேளுங்கள். தனுஷ்கோடியைப் புயல் அடித்தது 1964 டிசம்பர், எம்.ஜி.ஆர். இறந்தது 1987 டிசம்பர் 24, தாமிரபரணியில் பெருவெள்ளம் வந்தது 1992 நவம்பர், சுனாமி 2004 டிசம்பர் 26. “புயல் அடிச்சப்ப நீங்க பிறந்துட்டீங்களா”, “எம்.ஜி.ஆர். செத்தன்னைக்கு உங்க மூத்தவளுக்குக் கல்யாணம் ஆயிருச்சா” என்று இரண்டு பக்கமும் நெருக்கினால் ஒன்றிரண்டு ஆண்டுக்குள் பிடித்துவிடலாம்.

தமிழ் வருஷப் பெயர் சொன்னால் இன்னும் நல்லது, அறுபது ஆண்டுக்கு ஒருமுறைதான் அந்தப் பெயர் திரும்ப வரும். தாது என்றால் 1936 சித்திரையில் இருந்து 1937 பங்குனி வரை, அதற்கு முந்தைய தாது 1876, பஞ்சம் வந்தது அப்போதுதான். நந்தன என்றால் 1952-53, குரோதி என்றால் 1964-65. கணக்குப் போட்டு வந்ததை ‘சுமார்’ என்று சேர்த்தே எழுதுங்கள். இறந்த தேதிக்குக் குடும்பத்திடம் இருக்கும் இறப்புச் சான்றிதழைப் பார்த்துக்கொள்ளலாம், பெயர் எழுத்தையும் அதிலேயே சரிபார்க்கலாம்.

போனும் குரலும் படமும்

இதில் மட்டும் அவசரம் காட்டுங்கள். இறந்தவருடைய செல்போனைப் பேரன் வாங்கி எல்லாவற்றையும் அழித்துவிட்டுக் கேம் ஏற்றிவிடுவான், அவன் மேல் தப்பில்லை, யாரும் அவனுக்குச் சொல்லவில்லை. துஷ்டிக்குப் போன அன்றே வீட்டில் பொறுப்பான ஒருவரிடம் “அந்தப் போனை யாருக்கும் கொடுத்துடாதீங்க, சிம்மையும் கழட்டாதீங்க” என்று மெதுவாகச் சொல்லிவிடுங்கள். ரீசார்ஜ் இல்லாமல் சிம் மூன்று மாதம் சும்மா கிடந்தால் எண் போய்விடக்கூடும். வாட்ஸ்அப் கணக்கு 120 நாள் தொடாமல் இருந்தால் அழிந்துவிடும். கூகுள் கணக்கை இரண்டு ஆண்டு யாரும் திறக்காவிட்டால் அதையும் நீக்கிவிடக்கூடும்.

அந்தப் போனில் நாம் முதலில் தேட வேண்டியது குரல். எழுதத் தெரியாத அம்மாக்கள் நிறையப் பேர் வெளியூர்ப் பிள்ளைகளுக்கு வாட்ஸ்அப்பில் வாய்ஸ் மெசேஜ்தான் அனுப்புவார்கள். “சாப்பிட்டியாப்பா, மழை பெய்யுதா அங்க” என்று இருபது நொடி இருக்கும். வாங்கிய பிள்ளைகளின் போனிலும் அது இருக்கும், அதனால் மகன் மகள் எல்லாரிடமும் சொல்லிக் கணினிக்கோ பென் டிரைவுக்கோ மாற்றி வையுங்கள். கோப்புக்குப் பெயர் வைக்கும்போது இறந்தவர் பெயர், ஆண்டு, யாருக்கு அனுப்பியது என்று வையுங்கள். எண்ணும் எழுத்துமாக அது வந்த பெயரிலேயே விட்டால் அடுத்த ஆண்டு யாருக்கும் எது எதுவென்று தெரியாது.

மற்றவர்களிடம் பேசிப் பதிவு செய்வதற்குச் சாதாரணப் போனே போதும். ஏரோபிளேன் மோடில் போடுங்கள், மின்விசிறியை நிறுத்துங்கள், பேசுகிறவருக்கு ஒரு முழம் தூரத்தில் துண்டை மடித்து அதன் மேல் போனை வையுங்கள். கோயில் ஒலிபெருக்கி பாடும் நேரத்தையும் பால் கறக்கும் நேரத்தையும் தவிர்த்துவிடுங்கள். தொடக்கத்திலேயே தேதி, இடம், பேசுகிறவர் பெயர், யாரைப் பற்றிப் பேசுகிறார் என்று உங்கள் குரலில் சொல்லிவிட்டால் பின்னால் குழப்பம் இருக்காது.

பழைய படங்கள் டிரங்குப் பெட்டியிலோ பத்திரத்தோடு மடித்தோ இருக்கும். வீட்டை விட்டு எடுத்துப் போகாதீர்கள், ஒரே ஒரு படம்தான் இருக்கும், அது தொலைந்தால் அந்த வீட்டு முகத்தில் விழிக்க முடியாது. அங்கேயே ஜன்னல் வெளிச்சத்தில், பிளாஷ் இல்லாமல், நேர் மேலே இருந்து எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணாடிச் சட்டத்தில் ஒட்டிக்கொண்ட படத்தைப் பிய்க்க வேண்டாம், கண்ணாடியோடு கொஞ்சம் சாய்த்து எடுத்தால் போதும். படத்தில் இருக்கும் எல்லார் பெயரையும் இடமிருந்து வலமாக அங்கேயே கேட்டு எழுதுங்கள். படமே இல்லாதவர்கள் இருப்பார்கள், குறிப்பாகக் காலனியில் வயதான பெண்கள். கல்யாண வீட்டு ஆல்பங்களில் தேடுங்கள், பந்தியில் பரிமாறிக்கொண்டோ ஓரத்தில் நின்றுகொண்டோ இருப்பார்கள். கிடைக்கவே இல்லை என்றால் அவர் புழங்கிய உரலையோ அரிவாள்மனையையோ அவர் உட்கார்ந்த திண்ணையையோ படம் எடுத்துப் போடுங்கள்.

எழுதுவது

ஆளுக்கு 150-இல் இருந்து 250 வார்த்தை வைத்துக்கொள்ளுங்கள், தலைவராக இருந்தவருக்கும் அதேதான், ஆடு மேய்த்தவருக்கும் அதேதான். கூட்டிக் குறைத்தால் மறுபடி அங்கே ஒரு மேல்தெரு கீழ்த்தெரு உண்டாகிவிடும்.

‘அன்னார் பழகுவதற்கு இனியவர், பண்பாளர், ஊர் நலனில் அக்கறை கொண்டவர், அவரது மறைவு ஈடு செய்ய இயலாதது’ என்று எழுதினால் அது பிளெக்ஸ் வாசகம். ஒரு நீர்பாய்ச்சிக்கு, அதாவது கண்மாய்த் தண்ணீரை வயல்களுக்குப் பிரித்து விடுகிறவருக்கு, எப்படி எழுதலாம் என்று மாதிரிக்கு நானே ஒன்று எழுதிக் காட்டுகிறேன், பெயரை விட்டிருக்கிறேன்:

“ஐப்பசியில் கண்மாய் பெருகியதும் மடை திறக்க இறங்குவது இவர்தான். இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு முங்குவார், கயிற்றின் மறுமுனை தம்பி கையில் இருக்கும், இரண்டு முறை சுண்டினால் தூக்க வேண்டும். அடைப்பைக் காலால் துழாவிக் கண்டுபிடித்துவிடுவேன், கையை நம்ப மாட்டேன் என்பார். தண்ணீர் போதாத ஆண்டுகளில் கடைமடை வயலுக்கு முதலில் விட வேண்டும் என்று பிடிவாதமாக நிற்பார், இதற்காக மேல்மடைக்காரர்கள் அவரோடு பேசாமல் இருந்த காலமும் உண்டு. அறுப்பில் வயலுக்கு ஒரு கட்டு கூலி, அதைத் தலைச்சுமையாக வீட்டுக்குக் கொண்டுவருவது அவர் மனைவி. இரும்பு ஷட்டர் வந்த பிறகு முங்கும் வேலை நின்றது, சாவி கடைசி வரை அவரிடம்தான் இருந்தது. அவர் இறந்த ஆண்டு எந்த வயலுக்கு எவ்வளவு நேரம் என்பதில் ஊரில் இரண்டு பஞ்சாயத்து நடந்தது.”

இதில் நல்லவர் என்ற சொல்லே இல்லை. பேசும்போது அவர் சொன்ன ஒரு வாக்கியத்தை அப்படியே ஊர்ப் பேச்சில் வைப்பது நல்லது, அதைத் திருத்தி எழுத்துத் தமிழாக்க வேண்டாம். பட்டப்பெயர் விஷயத்தில் கவனமாக இருங்கள். சிலது செல்லமாக வைத்தது, சிலது உடல் குறையையோ சாதியையோ வைத்து இழிவாகக் கூப்பிட்டது. வீட்டார் தாங்களே சொன்னால் போடுங்கள். பெயருக்குப் பின்னால் சாதிப் பெயரை யாருக்கும் போட வேண்டாம் என்று தொடக்கத்திலேயே எல்லாருக்கும் பொதுவாகச் சொல்லிவிட்டால் தனித்தனியாக விளக்கம் சொல்லும் வேலை மிச்சம்.

எழுத முடியாத சாவுகள்

மருந்து குடித்தவர், தூக்குப் போட்டவர், குடியால் போனவர், கடனுக்குப் பயந்து போனவர், வெட்டுக்குத்தில் போனவர் எல்லா ஊரிலும் உண்டு. அவர்களை விட்டுவிடுவது மிகப் பெரிய அநியாயம். நாற்பது ஆண்டு வாழ்ந்தவரைக் கடைசி ஒரு நாளை வைத்து ஏட்டில் இருந்து எடுக்கக் கூடாது. அவர்களுக்கு வாழ்ந்ததை எழுதுங்கள், இறந்த விதத்தை எழுத வேண்டாம், தேதி மட்டும் போதும். குடும்பமே சொல்ல வேண்டும் என்று கேட்டால் சொல்லுங்கள், அப்போதும் எப்படிச் செய்துகொண்டார் என்ற விவரம் வேண்டாம். சின்ன வயதில் போன பிள்ளைகளுக்கு என்ன எழுதுவது என்று தயங்குவீர்கள், எந்த வகுப்பு, யார் கூட்டாளி, எந்த மரத்தில் ஏறுவான், எதற்கு அடம்பிடிப்பாள் என்று தாயைக் கேட்டால் ஒரு பக்கம் போதாது.

பாகப்பிரிவினை, வழக்கு, இரண்டாம் தாரம், நோயின் பெயர், இதெல்லாம் வீட்டார் சம்மதம் இல்லாமல் வரக் கூடாது. போன் எண், ஆதார் எண், சர்வே எண் எதுவும் வேண்டாம். கோர்ட்டில் வழக்கு நடக்கும் சாவு என்றால் அந்தப் பக்கத்தை ஒரு வக்கீலிடம் காட்டிவிட்டு அச்சுக்குக் கொடுங்கள்.

வாசித்துக் காட்டுவது

எழுதியதைப் படிக்கக் கொடுக்காதீர்கள், வாசித்துக் காட்டுங்கள். நிறையப் பேருக்குப் படிக்க வராது, வந்தாலும் அழுகையில் எழுத்துத் தெரியாது. வாசிக்கும்போது “இல்ல இல்ல, அது சின்னவன் பொறந்ததுக்கு அப்புறம்” என்று திருத்தம் வரும், மறந்துபோன இன்னொரு கதையும் அப்போதுதான் வரும். திருத்திய பிறகு மறுபடி ஒருமுறை வாசியுங்கள். கடைசி வடிவத்தில் வீட்டார் ஒருவர் கையெழுத்தோ கைநாட்டோ வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

அச்சு

டவுன் அச்சகத்தில் ஏ5 அளவு, 70 அல்லது 80 ஜிஎஸ்எம் மேப்லித்தோ தாள் என்று சொன்னால் புரிந்துகொள்வார்கள். நடுவில் பின் அடிக்கும் புத்தகத்துக்குப் பக்க எண்ணிக்கை நாலால் வகுபட வேண்டும், 64 பக்கத்துக்கு மேல் போனால் முதுகு ஒட்டும் பைண்டிங்தான் நிற்கும். எழுத்தை யூனிகோடில் அடித்துக் கொடுங்கள், பழைய எழுத்துருவுக்கு மாற்றும்போது எழுத்து சிதறும், அதனால் அச்சகம் தரும் மாதிரிப் படியில் ஒவ்வொரு பெயரையும் விரல் வைத்து இரண்டு பேர் சரிபார்க்க வேண்டும். வயதானவர்கள் படிக்க எழுத்து 13 புள்ளிக்குக் குறையக் கூடாது. விளம்பரம் வாங்காதீர்கள், கட்சிப் படமும் வாழ்த்துரையும் வேண்டாம். செலவைத் தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று பிரிக்கலாம், கொடுக்க முடியாத வீட்டுக்கும் பிரதி போக வேண்டும்.

எத்தனை வீடோ அத்தனை பிரதி, அதோடு வெளியூர்ப் பிள்ளைகளுக்கும் சேர்த்து அடியுங்கள். ஊர்ப்புற நூலகம், பள்ளிக்கூடம், பஞ்சாயத்து அலுவலகம் மூன்றுக்கும் ஒவ்வொன்று. படமும் குரலும் எழுத்தும் சேர்ந்த கோப்புகளை இரண்டு பென் டிரைவில் இரண்டு வெவ்வேறு வீட்டில் வையுங்கள், ஒன்றை இணையத்தில் ஏற்றி வையுங்கள், ஆண்டுக்கு ஒருமுறை திறந்து பாருங்கள்.

வெளியிடுவதற்குத் தனி விழா தேவையில்லை. ஆடி அமாவாசையோ தை அமாவாசையோ, கிறிஸ்தவர் அதிகம் உள்ள ஊரில் நவம்பர் 2 கல்லறைத் திருநாளோ சரியாக இருக்கும். எல்லாத் தெருவும் ஒரே இடத்தில் கூட வேண்டும் என்றால் கிராம சபை நாள் நல்லது, ஜனவரி 26, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று தேதி எல்லாருக்கும் தெரியும். மேடை போட்டுப் பெரியவர்களை ஏற்ற வேண்டாம், பெயர்களை மட்டும் வரிசையாக வாசியுங்கள், ஒவ்வொரு பெயருக்கும் அந்த வீட்டில் இருந்து ஒருவர் வந்து பிரதியை வாங்கிக்கொள்ளட்டும்.

ஏட்டின் கடைசி நாலு பக்கத்தைக் கோடு மட்டும் போட்டு வெறுமையாக விடச் சொல்லுங்கள். விட்டுப்போனதை வீட்டார் தாங்களே எழுதிக்கொள்வார்கள். அடுத்த ஆண்டு அந்தப் பக்கங்களைப் போய்ப் பார்த்துப் படமெடுத்து வந்தால் இரண்டாம் ஏட்டுக்கான வேலை பாதி முடிந்துவிடும்.